குமிழைத் திருப்பினால் கணக்கு எழுதுவது யார்? செல்மின் ஆம்ப்ளிஃபயர்கள் பற்றி காரைக்குடிப் பக்கத்து மதிப்பீடு

செல்லின் மின்னோட்டத்தை முதலில் வாங்கும் சிறு பெட்டியான ஹெட்ஸ்டேஜிலிருந்து வரும் அலை திரையில் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். கெய்ன் (பெருக்கம்) குமிழ் 1-இல் நின்றாலும் அழகு, 10-இல் நின்றாலும் அழகு. ஆனால் குமிழைத் திருப்பியதைக் கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லாவிட்டால், 300 பிகோஆம்பியர் மின்னோட்டம் கோப்பில் 3000 என்று ஏறிவிடும். ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறப்பவருக்கு அலையின் வடிவத்தைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆகவே செல்களின் மின்சாரத்தை அளக்கும் எலக்ட்ரோபிசியாலஜி ஆம்ப்ளிஃபயருக்கு விலைப்புள்ளி கேட்பவர்கள் இரைச்சல், சேனல் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் முன்னால் இதைக் கேட்க வேண்டும்: குமிழ் எங்கே நிற்கிறது என்பதைக் கோப்பில் எழுதும் கணக்கப்பிள்ளை யார்? பேரேட்டில் ஓர் அணா பிசகினால் விடியவிடியத் தேடிய ஊர்களில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

காரைக்குடிக்கு ஓர் அனுகூலமும் உண்டு. 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இங்கே இருப்பதால், மின்முனையின் வோல்டேஜைப் பிடித்துவைக்கும் பொட்டன்ஷியோஸ்டாட் ஓட்டத் தெரிந்தவர்கள் ஊரில் நிறைய. செல்லின் வோல்டேஜைப் பிடித்துவைத்து மின்னோட்டத்தை அளக்கும் வோல்டேஜ் கிளாம்ப் அதன் ஒன்றுவிட்ட தம்பிதான். ஒப்பீட்டு மின்முனை அங்கும் உண்டு, இங்கும் உண்டு. கரைசலின் தடையால் விழும் வோல்டேஜை அங்கே ஈடுகட்டுவது போலத்தான் இங்கே செல்லில் ஒட்டும் கண்ணாடிக் குழாயான பிப்பெட்டின் தொடர்தடையை ஈடுகட்டுகிறார்கள். இரண்டிலும் அளவுக்கு மீறி ஈடுகட்டினால் சுற்று ஊசலாடும். வேறுபாடு அளவில்: அங்கே மில்லிஆம்பியர், இங்கே பிகோஆம்பியர், நூறு கோடியில் ஒரு பங்கு. அங்கே கண்ணுக்கே தெரியாத 50 ஹெர்ட்ஸ் ஹம் (மின்கம்பியிலிருந்து ஏறும் இரைச்சல்) இங்கே சிக்னலையே விழுங்கிவிடும்.

குமிழ் வைத்தவை

ஆக்ஸோபேட்ச் 200பி இந்த வகையில் மூத்தது. முன்பலகை முழுக்கக் குமிழும் சுவிட்சும்தான். பிப்பெட் ஆஃப்செட், வேகக் கொள்ளளவுக்கு (கெப்பாசிட்டன்ஸ்) இரண்டு குமிழ், மெதுக் கொள்ளளவுக்கு இரண்டு, செல்லின் கொள்ளளவு, தொடர்தடை, ஈடுகட்டும் சதவீதத்தில் முன்கணிப்பு ஒன்று, திருத்தம் ஒன்று, லேக் ஒன்று. முதல் நாள் மிரட்டும். ஒரு வாரத்தில் கை பழகிவிடும். மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையால் திருப்பலாம் என்பதே குமிழின் முழு நியாயம். மவுஸால் அது முடியாது. மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் இதுதான் நல்லது. தொடர்தடைக் குமிழைத் திருப்பத் திருப்ப, வோல்டேஜ் படி கொடுத்ததும் எழும் கொள்ளளவுக் கூர்முனை சுருங்குவதைப் பார்த்தவருக்குப் பாடம் மறக்காது.

இதன் கணக்கப்பிள்ளை, பின்பக்கம் இருக்கும் டெலிகிராஃப் பிஎன்சிகள் (கேபிள் மாட்டும் துளைகள்). குமிழ் நிற்கும் இடத்தை அவை ஒரு நிலை வோல்டேஜாக வெளியே சொல்கின்றன. கெய்ன் டெலிகிராஃப் ஒரு படிக்கு அரை வோல்ட் ஏறும். ஃபில்டர் டெலிகிராஃப் 1 கிலோஹெர்ட்ஸுக்கு 2 வோல்ட், 2-க்கு 4, 5-க்கு 6, 10-க்கு 8. செயல்முறை டெலிகிராஃபில் வோல்டேஜ் கிளாம்ப் என்றால் 6 வோல்ட், மின்னோட்டம் பூஜ்யம் என்றால் 3, மின்னோட்டத்தைப் பிடித்துவைத்து வோல்டேஜை அளக்கும் கரன்ட் கிளாம்ப் சாதாரணமானால் 2, வேகமானால் 1. ஒரு மல்டிமீட்டரை வைத்து இரண்டு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். பழைய கருவியைக் கைமாற்றாக வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் செய்யவேண்டும்.

பல ஆய்வகங்களில் இந்த டெலிகிராஃப் கேபிள்களை மாட்டுவதே இல்லை. அலையை எண்ணாக்கிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் டிஜிட்டைசரில் உள்ளீடு போதவில்லை என்பார்கள், கேபிள் கூடினால் ஹம் கூடும் என்பார்கள். இரண்டாவது காரணத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனாலும் கெய்ன் கேபிளையாவது மாட்டியே ஆகவேண்டும். பிகிளாம்ப் மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதன் பதிவுப் பகுதியான கிளாம்பெக்ஸின் டெலிகிராஃப் கருவி அமைப்பில் 200பியைத் தேர்ந்து, கேபிள் எந்த உள்ளீட்டில் செருகியிருக்கிறது என்பதைக் காட்டவேண்டும். அதன் பிறகு அதிலேயே லேப் பெஞ்ச் என்ற அமைப்பில் அடிப்படை அளவுவிகிதத்தை மட்டும் கொடுத்தால் போதும். டெலிகிராஃபையும் இயக்கிவிட்டு, கெய்ன் 10-ஐயும் கையால் பெருக்கிப் போடுகிறவர்கள் உண்டு. கணக்கு இரட்டைப் பதிவாகி, எண் பத்தில் ஒன்றாகக் குறைந்துபோகும்.

இதில் டெலிகிராஃபால் காப்பாற்ற முடியாத இரண்டு குழிகள் உண்டு. முதலாவது வெளிக்கட்டளையின் உணர்திறன். டிஜிட்டைசரிலிருந்து 1 வோல்ட் வந்தால் செல்லுக்கு 20 மில்லிவோல்ட் போகும் ஒரு பாதை. பின்பக்கத்தில் 20 அல்லது 100 என்று மாற்றக்கூடிய இன்னொன்று. மென்பொருளில் 20 என்று எழுதிவிட்டு சுவிட்ச் 100-இல் நின்றால், பத்து மில்லிவோல்ட் படி ஐம்பதாகச் செல்லுக்குப் போகும். இரண்டாவது, பிடிமான வோல்டேஜ். முன்பலகைக் குமிழில் −70, மென்பொருளிலும் −70 என்று வைத்தால் இரண்டும் கூடிச் செல் −140-இல் உட்காரும். செல் செத்ததற்குக் கரைசலைப் பழிசொல்வார்கள். இரண்டில் ஒன்று பூஜ்யத்தில் இருக்கட்டும். எது என்பதை, பதிவுக் கருவிகள் எல்லாம் நிற்கும் ரிக்கின் மேலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவைப்பது உத்தமம்.

குமிழைக் கழற்றியவை

மல்டிகிளாம்ப் 700பியின் முன்பலகையில் திருப்புவதற்கு ஒன்றுமே இல்லை. இரண்டு சேனல், யூஎஸ்பி கேபிள் ஒன்று, மீதி எல்லாம் கம்ப்யூட்டரில் ஓடும் கமாண்டர் என்ற மென்பொருளில். முந்தைய 700ஏ சீரியல் கேபிளில் ஓடியது. டெலிகிராஃபுக்குத் தனிக் கேபிள் வேண்டாம்; கமாண்டரே கிளாம்பெக்ஸுக்குக் கெய்ன், ஃபில்டர், செயல்முறை எல்லாவற்றையும் சொல்லிவிடும். வோல்டேஜ் கிளாம்பிலிருந்து கரன்ட் கிளாம்புக்கு மாறியதும் அலகு பிகோஆம்பியரிலிருந்து மில்லிவோல்ட்டுக்குத் தானே மாறும். இரண்டு மூன்று பேர் மாறிமாறி உட்காரும் ரிக்குக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது.

ஆனால் கணக்கப்பிள்ளை விழித்திருந்தால்தான் கணக்கு. கமாண்டரை மூடிவிட்டால் டெலிகிராஃபும் நின்றது. கிளாம்பெக்ஸைத் திறக்கும் முன்பே கமாண்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். விண்டோஸ் மின்சாரம் மிச்சப்படுத்துகிறேன் என்று யூஎஸ்பி துளையைத் தூங்கவைக்கும். அந்த அமைப்பை அணைத்துவைக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரை யூஎஸ்பி ஹப்பில் செருகாமல் நேரே கம்ப்யூட்டரில் செருகவேண்டும்.

மின்னோட்டத்தை வோல்டேஜாக மாற்றும் பின்னூட்டத் தடையை மென்பொருளிலேயே மாற்றலாம்: 50 மெகாஓம், 500 மெகாஓம், 5 கிகாஓம், 50 கிகாஓம். செல் முழுவதன் மின்னோட்டத்தையும் பார்க்கும் முழுச்செல் பதிவுக்கு 500 மெகாஓம். 10 வோல்ட்டை அதால் வகுத்தால் 20 நானோஆம்பியர், அதுதான் உச்சவரம்பு. செல்சவ்வில் ஒரே ஓர் அயனிச் சேனலைப் பார்க்கும் தனிச்சேனல் பதிவுக்கு 50 கிகாஓம். அங்கே வரம்பு 200 பிகோஆம்பியர். பெரிய தடை எதற்கு என்றால், தடையின் சொந்த வெப்ப இரைச்சல் மின்னோட்டமாகப் பார்க்கும்போது தடையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். 10 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் 500 மெகாஓமுக்கு அது ஏறக்குறைய 0.57 பிகோஆம்பியர், 50 கிகாஓமுக்கு 0.057. ஓரிரு பிகோஆம்பியர் உயரமுள்ள சேனல் திறப்பைப் பார்க்க வேண்டுமானால் எது வேண்டும் என்பது தெளிவு.

தானியங்கிப் பொத்தான்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பிப்பெட் ஆஃப்செட், வேகக் கொள்ளளவு இரண்டுக்கும் தானியங்கி நன்றாகவே வேலை செய்கிறது. முழுச்செல் ஈடுகட்டலில் சீல் (பிப்பெட் நுனி செல்லோடு ஒட்டும் இடம்) கசிந்துகொண்டிருந்தாலோ, அணுகுதடை (செல்லுக்குள் போகும் வழியின் தடை) மெல்ல ஏறிக்கொண்டிருந்தாலோ, அது ஏதோ ஓர் எண்ணைக் கண்டுபிடித்து நம்பிக்கையோடு காட்டும். 30 பிகோஃபாரட் செல்லுக்கு 90 என்று வந்தால் பொத்தானை மறுபடி அழுத்தாமல் சீலைப் பாருங்கள். தொடர்தடை 10 மெகாஓம், மின்னோட்டம் 2 நானோஆம்பியர் என்றால் வோல்டேஜ் பிழை 20 மில்லிவோல்ட். 70 சதவீதம் ஈடுகட்டினால் மிச்சம் 6. இதைத் தொண்ணூறுக்கு ஏற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். வேகக் கொள்ளளவு சரியாக நீங்கியிராவிட்டால் சுற்று கீச்சென்று ஊசலாடிச் செல்லைக் கொன்றுவிடும். ஐந்து ஐந்து சதவீதமாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் கூர்முனையின் ஓரத்தில் அலைச்சல் வருகிறதா என்று பார்ப்பதே வழி. கசிவைக் கழிக்கும் பெட்டியில் டிக் விழுந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பு உட்கார்ந்தவர் போட்டுவிட்டுப் போயிருந்தால் மோசமான சீல்கூடத் திரையில் பிரமாதமாகத் தெரியும்.

குமிழ் இல்லாமல் கை அரிப்பவர்களுக்கு சாஃப்ட்பேனல் என்று தனியாக ஒரு குமிழ்ப் பெட்டி உண்டு. குமிழும் வேண்டும், கணக்கும் தப்பக்கூடாது என்பவர்களுக்கு அந்தச் செலவு தகும். வாங்கும் முன் கமாண்டரை டெமோ முறையில், ஆம்ப்ளிஃபயரே இல்லாமல், ஓட்டிப் பார்க்கலாம். இதைச் செய்யாமல் கொள்முதல் கமிட்டியில் கையெழுத்துப் போடுபவர்கள் மேல் அனுதாபம்தான் வருகிறது.

ஹெகாவின் இபிசி 10 இன்னும் ஒரு படி மேலே போகிறது. டிஜிட்டைசரும் உள்ளேயே இருப்பதால் ஆம்ப்ளிஃபயருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே தவறாகச் செருக பிஎன்சியே இல்லை. அதன் மென்பொருளான பேட்ச்மாஸ்டரில் கெய்ன் தேர்ந்தால் பின்னூட்டத் தடையும் அதோடு மாறும்: தாழ்ந்த கெய்னில் 5 மெகாஓம், 0.5 முதல் 20 மில்லிவோல்ட்/பிகோஆம்பியர் வரை 500 மெகாஓம், 50-க்கு மேல் 50 கிகாஓம். இதைத் தெரியாமல் பதிவின் நடுவே 20-இலிருந்து 50-க்குத் தாவினால் உச்சவரம்பு சடாரென்று 200 பிகோஆம்பியருக்கு இறங்கி, அலை தட்டையாக வெட்டப்படும். பேட்ச்மாஸ்டரின் ஜன்னல்கள் முதலில் தலைசுற்ற வைக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் தொடர்தடையும் கொள்ளளவும் ஒவ்வொரு பதிவோடும் சேமிக்கப்படுவதால் பின்னால் கேள்வி வராது.

இரண்டு கட்சிக்கும் நடுவே நிற்பது இபிசி 800. முன்பலகையில் குமிழ் உண்டு. கையால் ஓட்டலாம், கையால் ஓட்டிக்கொண்டே நிலையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லவைக்கலாம், அல்லது முழுதும் கம்ப்யூட்டர் கையில் கொடுத்துவிடலாம். வகுப்பும் ஆராய்ச்சியும் ஒரே ரிக்கில் நடக்கும் துறைக்கு நம் ஓட்டு இதற்கே.

சட்டரின் ஐபிஏவும் டிஜிட்டைசரோடு சேர்ந்தே வருவது. ஐகார் புரோ என்ற பகுப்பாய்வு மென்பொருளின் மேல் ஓடும் சட்டர்பேட்ச் கூடவே கிடைக்கும். முழுச்செல் பதிவு மட்டும் செய்பவர்களுக்கு இடமும் கேபிளும் மிச்சம்.

பிப்பெட்டைச் செல்லில் ஒட்டிப் பதியும் பேட்ச் வேண்டாம், கரப்பான் காலிலோ மூளைத் துண்டிலோ செல்லுக்கு வெளியிலிருந்து பதியும் ஸ்பைக் (நரம்புத் துடிப்பு) மட்டும் போதும் என்றால் குமிழ்ப் பிரச்சினையே எழாத வழி ஒன்று இருக்கிறது. ஓப்பன் எஃபிஸ் என்ற திறந்த மூலப் பதிவுக் கருவி பயன்படுத்தும் இன்டான் ஆர்எச்டி2132 சில்லில் 32 சேனல். கெய்ன் 192 என்று நிலையானது, 16 பிட், ஒரு படி 0.195 மைக்ரோவோல்ட், உள்ளீட்டு வரம்பு ±5 மில்லிவோல்ட். திருப்ப எதுவும் இல்லாததால் தவறாக எழுதவும் எதுவும் இல்லை. அலைவரிசையை மட்டும் மென்பொருளில் வைக்கவேண்டும்; ஸ்பைக்குக்கு 300 ஹெர்ட்ஸ் முதல் 6 கிலோஹெர்ட்ஸ் வரை போதும். 1 கிலோஹெர்ட்ஸில் மின்முனைத் தடையை அளக்கும் வசதியை தினமும் காலையில் ஓட்டுங்கள். ஒரு சேனல் திடீரென்று மெகாஓம் கணக்கில் ஏறினால் கம்பி அறுந்திருக்கிறது.

மென்பொருளுக்குக் காசு இல்லை என்பவர்களுக்கு ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தின் ஜான் டெம்ப்ஸ்டர் எழுதிய வின்டபிள்யூசிபி இருக்கிறது. இலவசம். நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கார்டுகளோடும் ஓடும். 200பி, 700பி இரண்டின் டெலிகிராஃபையும் புரிந்துகொள்ளும். முகம் பழையதுதான். வேலை சுத்தம்.

நம் ஊர் மின்சாரம்

எந்த ஆம்ப்ளிஃபயரை வாங்கினாலும் செட்டிநாட்டில் முதல் மாதத்தைத் தின்பது ஹம்தான். வழக்கமாக எல்லோரும் எர்த் குழியைப் பழிப்பார்கள். கரியும் உப்பும் போட்ட குழியில் சித்திரை வெயிலில் செம்மண் காய்ந்து தடை ஏறுவது உண்மை. கோடையில் தண்ணீர் ஊற்றியே ஆகவேண்டும், தடையை அளப்பதென்றால் ஐப்பசியில் அளக்காமல் சித்திரையில் அளக்கவேண்டும். ஆனால் அது முக்கியமாகப் பாதுகாப்புக்கானது. ஹம் பெரும்பாலும் ரிக்கின் உள்ளே, தரைக்கம்பிகள் வளையமாகச் சுற்றியிருப்பதால் வருகிறது. மைக்ராஸ்கோப், மேனிப்புலேட்டர், கம்பிவலைக் கூண்டு, மேசை ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனிக் கம்பி ஒரே செம்புப் பட்டைக்கு வரட்டும். அந்தப் பட்டையிலிருந்து ஒரே ஒரு கம்பி ஆம்ப்ளிஃபயரின் சிக்னல் கிரவுண்டுக்குப் போகட்டும். எது குற்றவாளி என்று தெரிய எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பார்ப்பதைத் தவிரக் குறுக்குவழி இல்லை.

50 ஹெர்ட்ஸ் அலை வழுவழுப்பாக இருந்தால் மின்கம்பியின் புலம். நொடிக்கு நூறு முறை கூரான முள் குத்தினால் மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரைப் பாருங்கள். பழைய வீடுகளில் சுவரில் தொங்கும் கனத்த பெட்டி ரெகுலேட்டர் சூடாகும், கரன்ட் தின்னும், ஆனால் இந்த முள் அதில் வராது. இன்வெர்ட்டர் சதுர அலை தருவதானால் ரிக்கின் பக்கமே வரக்கூடாது. சைன் அலை தரும் ஆன்லைன் யூபிஎஸ்ஸைப் பக்கத்து அறையில் வைத்துக் கேபிளை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். அதன் ஸ்விட்சிங் இரைச்சல் பல பத்து கிலோஹெர்ட்ஸில் இருக்கும். ஃபில்டரைத் திறந்துபோட்டு 20 கிலோஹெர்ட்ஸில் சாம்பிள் செய்தால் அது வேஷம் மாறிக் கீழே வந்து உட்காரும். பெஸல் ஃபில்டரை சாம்பிள் வேகத்தில் ஐந்தில் ஒன்றுக்கு வையுங்கள்.

டிஜிடேட்டா 1550பி என்ற டிஜிட்டைசரில் ஹம்சைலன்சர் என்ற வசதி உண்டு. ஹம்மைக் கற்றுக்கொண்டு கழித்துவிடும், சாதாரண நாட்ச் ஃபில்டர் போல சிக்னலைக் கோணலாக்காது. உபயோகமானதுதான். ஆனால் அதை அணைத்துவைத்துத்தான் ரிக்கைக் கட்டவேண்டும். இயக்கியபடியே கட்டினால் கழன்ற எர்த் கம்பி வருஷக்கணக்கில் தெரியாமலே கிடக்கும்.

மின்முனைக்கு வெள்ளிக் கம்பி உள்ளூரில் வாங்கும் ஆசை வரும். நகைக்கும் சீர்ச் சாமானுக்கும் பயன்படும் 92.5 வெள்ளியில் 7.5 சதவீதம் கலப்பு, பெரும்பாலும் செம்பு. அது கரைசலில் இறங்கினால் செல்லுக்கு விஷம், வோல்டேஜும் நகர்ந்துகொண்டே இருக்கும். 99.9-க்குக் குறையாத கம்பி வேண்டும். வாசனை சேர்க்காத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் கால் மணி முதல் அரை மணி வரை ஊறவைத்து, கருஞ்சாம்பல் நிறம் சீராகப் படிந்ததும் கழுவிப் பயன்படுத்துங்கள். பூஜ்யம் நிமிடத்துக்கு ஒரு மில்லிவோல்ட் நகர்ந்தால் ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகிக்காமல் கம்பியை மறுபடி ஊறவையுங்கள்.

கருவி வந்து இறங்கிய நாளில்

செல்லைப் போல நடிக்கும் சிறு சுற்றான மாடல் செல் ஒன்று கருவியோடு வரவேண்டும். வராவிட்டால் 10 மெகாஓம் தடையைத் தொடராகவும், அதன் பின்னால் 500 மெகாஓமையும் 33 பிகோஃபாரடையும் இணையாகவும் வைத்து ஒரு சிறு அலுமினிய டப்பாவுக்குள் பற்றவைத்துக்கொள்ளலாம். 500 மெகாஓமின் உடம்பில் விரல் பட்ட இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்காவிட்டால் எண்ணெய்ப் பசை வழியாகவே கரன்ட் கசியும். ஹெட்ஸ்டேஜைத் தொடும் முன் எர்த் ஆன உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். நிலைமின்சாரம் ஒரே பொறியில் உள்ளீட்டு டிரான்சிஸ்டரைத் தீர்த்துவிடும்.

5 மில்லிவோல்ட் படி கொடுத்தால் 10 மெகாஓம் மட்டும் தரையோடு சேர்ந்திருக்கும்போது 0.5 நானோஆம்பியர் வரவேண்டும். 500 மெகாஓமும் சேர்ந்த செல் நிலையில் கூர்முனைக்குப் பிறகு 9.8 பிகோஆம்பியர், கூர்முனை தணியும் நேரமாறிலி ஏறக்குறைய 0.32 மில்லிசெகண்ட். ±10 வோல்ட், 16 பிட் டிஜிட்டைசரில் ஒரு படி 0.305 மில்லிவோல்ட். 0.5 மில்லிவோல்ட்/பிகோஆம்பியர் அளவில் (கெய்ன் 1) அது 0.61 பிகோஆம்பியர், ஆக அந்த 9.8 என்பது வெறும் பதினாறு படி. கெய்ன் 10-இல் படி 0.061-ஆக நுணுகும், ஆனால் உச்சவரம்பு 2 நானோஆம்பியருக்கு இறங்கும். 5 நானோஆம்பியர் சோடியம் மின்னோட்டத்தை அதில் பதிந்தால் தலை வெட்டுப்படும்.

அடுத்து 0.5 நானோஆம்பியர் நிலைக்கே திரும்பி, கெய்னை 1, 2, 5, 10 என்று ஒவ்வொரு படியாக மாற்றி ஒவ்வொன்றிலும் தனிக் கோப்பாகப் பதிந்துகொள்ளுங்கள். ஃபில்டரையும் ஒருமுறை மாற்றுங்கள், கரன்ட் கிளாம்புக்கு மாறித் திரும்பி வாருங்கள். எல்லாக் கோப்பையும் வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். அத்தனையிலும் 0.5 நானோஆம்பியரே இருக்கவேண்டும். ஒரு படியில் மட்டும் எண் பிசகினாலும் காரணம் தெரியும்வரை நிறுவல் சான்றில் கையெழுத்துப் போடாதீர்கள்.